ஆயிலைப் பாதி இறக்கிவிட்டு முழு அளவு ஊற்றினார்கள்: டிரை சம்ப் கார் வைத்திருப்பவர்கள் கவனிக்க

டிரை சம்ப் இன்ஜின் (ஆயில் இன்ஜினுக்கு அடியில் தங்காமல் தனி டேங்கில் இருப்பது) உள்ள ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள், ஆயில் சர்வீஸுக்கு வண்டியை விடும் முன் இதைப் படித்துவிடுங்கள். என்னுடையது போர்ஷே 911, ஏர்கூல்டு (காற்றால் குளிரும் இன்ஜின்) வரிசையில் கடைசியாக வந்து 1998-ல் உற்பத்தி நின்ற 993. சர்வீஸுக்கு விட்ட ஒர்க் ஷாப்பில் பழைய ஆயிலை முழுதாக இறக்கவில்லை, ஆனால் புது ஆயிலை முழு அளவுக்கு ஊற்றிவிட்டார்கள். இரண்டு ஃபில்டருக்குப் பணம் வாங்கிக்கொண்டு ஒன்றைத்தான் மாற்றினார்கள். போய்க் கேட்டால், "ஆயில் கொஞ்சம் கூட இருந்தா இன்ஜினுக்கு நல்லதுதான் சார்" என்று பதில். நல்லது இல்லை. அதை நம்பி யாரும் வண்டியை ஓட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

வண்டியை எடுத்து வந்த அன்று முதலில் கண்ணில் பட்டது புகை. இந்த இன்ஜினில் சிலிண்டர்கள் படுக்கை வாக்கில் இருப்பதால், நின்றிருக்கும்போது கொஞ்சம் ஆயில் உள்ளே கசிந்து, காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு வீச்சு புகை வருவது சகஜம். அது சில நொடிகளில் அடங்கிவிடும். இது அப்படி இல்லை. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டி தெரியாத அளவுக்கு நீலப் புகை. கூடவே ஆயில் எரிகிற நாற்றம்.

ஓரமாகச் சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் ஐடிலில் ஓடவிட்டு, ஆயில் அளவு பார்க்கும் கோலான டிப்ஸ்டிக்கை எடுத்தேன். மேல் கோட்டைத் தாண்டி, கோலின் வெறும் பகுதியிலும் ஆயில் ஏறியிருந்தது. டேஷ்போர்டில் இருக்கும் ஆயில் அளவு முள்ளும் மேலே போய் ஒட்டிக்கொண்டு நின்றது. அதற்கு மேல் ஓட்டவில்லை. தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைத் தூக்கிப்போய்ச் சேர்த்தேன்.

அவர் முதலில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தார். அடியில் ஆயில் குட்டையாகத் தேங்கி நின்றது. ஃபில்டர் தாளின் மடிப்புகள் பாதி உயரம் வரை ஊறிக் கறுத்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன; விரலால் அழுத்தினால் ஆயில் வழிந்தது. இன்ஜின் காற்று இழுக்கிற இடத்தில் ஆயில் எப்படி வந்தது என்றால், ஆயில் டேங்கிலிருந்து வரும் ஆவிக் குழாய் அங்கேதான் போய்ச் சேர்கிறது. டேங்க் நிரம்பி வழிகிற நிலையில் இருக்கும்போது ஆயில் சூடாகி விரிந்தால், ஆவியோடு ஆயிலும் அந்தக் குழாயில் ஏறிவிடும். அதை இன்ஜின் இழுத்து எரிக்கிறது. நான் பார்த்த புகை அதுதான்.

டிரை சம்ப் என்றால் என்ன என்று தெரியாமலே இந்த வண்டியில் கை வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அதுதான் பெரிய பிரச்சினை. சாதாரண காரில் ஆயில் மொத்தமும் இன்ஜினுக்கு அடியில் உள்ள சம்ப்பில் தங்கும். அணைத்துவிட்டுச் சில நிமிடம் பொறுத்தால் எல்லாம் கீழே இறங்கிவிடும், டிப்ஸ்டிக் சரியாகக் காட்டும். இதிலோ ஆயில் தனி டேங்கில் இருக்கிறது. ஒரு பம்ப் அங்கிருந்து எடுத்து பேரிங்குகளுக்கு அனுப்பும். இன்னொன்று அடியில் விழுகிற ஆயிலை உறிஞ்சித் திரும்ப டேங்கில் சேர்க்கும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி பம்ப் காற்றை இழுத்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

இன்ஜின் நின்றிருந்தால் டேங்கில் உள்ள ஆயில் மெல்லக் கசிந்து இன்ஜினுக்குள் இறங்கும். ஆக, குளிர்ந்த வண்டியில் டிப்ஸ்டிக்கை எடுத்தால் சில சமயம் ஒன்றுமே தெரியாது. விவரம் தெரியாதவர் "ஆயில் இல்லை" என்று ஒரு லிட்டர் ஊற்றுவார். ஸ்டார்ட் செய்ததும் கீழே இருந்ததெல்லாம் டேங்குக்குத் திரும்பும், அளவு கோட்டைத் தாண்டிவிடும். டேஷ்போர்டு முள்ளும் ஏமாற்றும்: வண்டி சாலையில் ஓடும்போது கீழே விழுந்து கிடக்கும், அதைப் பார்த்துப் பதறி ஆயில் ஊற்றியவர்கள் ஏராளம். 993-ல் அளவு பார்க்க ஒரே வழிதான். நன்றாக ஓட்டி ஆயில் முழுச் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும், வண்டி சமதரையில் நிற்க வேண்டும், இன்ஜின் ஐடிலில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சூடு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், 20 டிகிரியில் 10 லிட்டர் உள்ள ஆயில் 90 டிகிரிக்குப் போகும்போது ஏறக்குறைய அரை லிட்டர் விரிந்துவிடும். எல்லா டிரை சம்ப் காருக்கும் இதே முறை இல்லை. அணைத்துவிட்டுச் சில நிமிடம் கழித்துப் பார்க்கச் சொல்கிற கார்களும் உண்டு. உங்கள் வண்டியின் கையேடு சொல்வதை மட்டும் கேளுங்கள்.

சரி, என் வண்டிக்கு வருகிறேன். லிஃப்டில் ஏற்றிய பிறகுதான் முழுக் கதையும் தெரிந்தது. இந்த இன்ஜினில் ஆயில் இறக்க இரண்டு டிரெயின் போல்ட் உண்டு: டேங்கில் ஒன்று, இன்ஜினின் அடிக்கூடான கிராங்க்கேஸில் ஒன்று. டேங்க் போல்ட் பளிச்சென்று துடைத்திருந்தது, புது வாஷர் போட்டிருந்தது. கிராங்க்கேஸ் போல்ட்டைச் சுற்றி எண்ணெயும் மண்ணும் சேர்ந்து இறுகிய பொருக்கு, ஓர் இடத்தில்கூட உடையாமல் இருந்தது. ஸ்பேனர் வைத்திருந்தால் முதலில் அதுதான் உதிர்ந்திருக்கும். 993-ல் ஃபில்டரும் இரண்டு. பெரியது எளிதில் கைக்கு எட்டும், அதை மாற்றியிருந்தார்கள். சின்னது கை நுழையாத இடத்தில் இருக்கிறது. அதன் மேல் பல வருட அழுக்கு அப்படியே இருந்தது. ஆனால் பில்லில் இரண்டு ஃபில்டர், இரண்டு வாஷர், முழு ஆயில் மாற்றம்.

ஆக நடந்தது இதுதான். டேங்கை மட்டும் இறக்கிவிட்டு, கிராங்க்கேஸில் பழைய ஆயிலை அப்படியே விட்டுவிட்டு, இரண்டையும் இறக்கினால் ஊற்ற வேண்டிய அளவை ஊற்றியிருக்கிறார்கள். சூடான நிலையில் அளவும் பார்க்கவில்லை. டிப்ஸ்டிக்கின் இரண்டு கோடுகளுக்கும் நடுவே கொண்டுவர நாங்கள் டேங்கிலிருந்து எடுத்த ஆயில் 2 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. புது ஆயில் அதற்குள்ளாகவே கறுத்திருந்தது. அதை மட்டும் வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, ஆனால் அந்தப் போல்ட்டும் ஃபில்டரும் போதும்.

போல்ட், ஃபில்டர், ஏர் பெட்டி எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு பழைய ஒர்க் ஷாப்புக்குப் போனேன். சர்வீஸ் அட்வைசர் முதலில், "கொஞ்சம் ஓட்டுங்க சார், அதுவா எரிஞ்சு சரியாயிடும்" என்றார். எரிந்து போகிற ஆயில் எங்கே போகிறது? ஸ்பார்க் பிளக்கில் கரியாகப் படிகிறது, புகையைச் சுத்தப்படுத்தும் கேடலிட்டிக் கன்வெர்ட்டரில் படிந்து அதைக் கெடுக்கிறது. இந்த இன்ஜினில் சிலிண்டருக்கு இரண்டு வீதம் 12 பிளக். கழற்றிப் பார்த்ததில் சிலவற்றின் முனை ஈரமாகக் கறுத்திருந்தது. படங்களைக் காட்டியதும் பேச்சு மாறியது: வேலை செய்த பையன் புதியவன், கவனிக்கவில்லை என்றார்கள். இந்தப் பதில்தான் எனக்கு அதிகக் கோபம். பில் போட்டது அந்தப் பையன் இல்லை. கற்றுக்கொடுக்காமல் வேலைக்கு விட்டுவிட்டு, மாட்டிக்கொண்டதும் அவன் தலையில் கட்டுவது நியாயமே இல்லை.

சாதாரண சம்ப் உள்ள கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே ஆபத்து வேறு மாதிரி. கோட்டுக்கு மேல் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. நிறைய ஏறிவிட்டால், சுழல்கிற கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) ஆயிலில் அடித்து அடித்துச் சோப்புத் தண்ணீர் போல நுரைக்க வைத்துவிடும். பம்ப் நுரையை இழுத்தால் பிரஷர் விழும், பேரிங்குகளுக்கு எண்ணெய்ப் படலம் கிடைக்காது. ஆயில் அதிகமாக இருந்தும் ஆயில் இல்லாத இன்ஜின் போலத் தேயும். உள்ளே அழுத்தம் கூடி ஆயில் சீல்கள் கசியவும் செய்யும். இப்படிப்பட்ட கார்களில் கூடுதல் ஆயிலை டிப்ஸ்டிக் குழாய் வழியாகவே மெல்லிய டியூபும் கை பம்ப்பும் வைத்து உறிஞ்சிவிடலாம், போல்ட்டைத் தொட வேண்டியதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அளவு பாருங்கள். யாரும் ஊற்றாமலேயே அளவு தானாக ஏறியிருந்தால் அது வேறு நோய்: டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை வந்தாலோ, ஆயில் பால் கலந்தது போலத் தெரிந்தாலோ, உறிஞ்சி எடுப்பதோடு விடாமல் காரணத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

டிரை சம்ப் வண்டியை சர்வீஸுக்கு விடும்போது, எத்தனை டிரெயின் போல்ட், எத்தனை ஃபில்டர் என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். தயங்கினால் சாவியைக் கொடுக்காதீர்கள். பழைய ஃபில்டர்களையும் வாஷர்களையும் கையில் கேட்டு வாங்குங்கள். பணம் கட்டும் முன் ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கி, உங்கள் கண் முன்னால் டிப்ஸ்டிக்கை எடுக்கச் சொல்லுங்கள். நேரம் ஆகும், முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

எனக்குத் தெரிந்த அந்த மெக்கானிக் இரண்டு போல்ட்டையும் திறந்து ஆயிலை முழுதாக மாற்றி, இரண்டு ஃபில்டரும் போட்டு, ஏர் பெட்டியைக் கழுவிப் பிளக்குகளையும் மாற்றிக் கொடுத்தார். புகை நின்றுவிட்டது. பழைய ஒர்க் ஷாப் மாற்றாத ஃபில்டரின் விலையையும் கூலியையும் திருப்பிக் கொடுத்தது. அவர்களால் வந்த மற்றச் செலவுக்குப் பொறுப்பில்லை என்கிறார்கள். படங்களோடும் இரண்டு பில்களோடும் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. கேடலிட்டிக் கன்வெர்ட்டர் தப்பித்ததா என்பது அடுத்த புகைச் சோதனையில்தான் தெரியும்.