வானத்தில் நகர்ந்தது என்ன? நேரலைக் கேமராக்கள் ஓர் ஒப்பீடு

தொலைநோக்கியில் கேமராவை மாட்டி வானத்தைத் திரையில் நேரலையாகப் பார்ப்பவர் யாராக இருந்தாலும், என்றாவது ஒருநாள் புரியாத ஒன்றைப் பார்த்தே தீருவார். நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு புள்ளி நகரும். அல்லது ஏதோ ஒன்று பளிச்சென்று மின்னி மறையும். கைபேசிச் செயலியில் தேடினால் பொருந்துகிற செயற்கைக்கோள் எதுவும் கிடைக்காது. அந்த நேரத்தில் நம் கருவி எவ்வளவு உதவும்?

கேமரா விளம்பரங்கள் படத்தின் அழகைப் பற்றித்தான் பேசும். புரியாத பொருளை அடையாளம் காண அழகு உதவாது. தனித்தனியாகச் சேமித்த ஃபிரேம்கள் (கேமரா எடுக்கும் ஒவ்வொரு தனிப் படமும் ஒரு ஃபிரேம்) வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நம்பகமான நேரம் வேண்டும். இந்த இரண்டையும் வைத்தே இன்று ஆர்வலர்கள் கையில் இருக்கும் நான்கு வகைக் கருவிகளையும் இங்கே எடைபோடுகிறேன்.

முதலில், இப்போது பலரும் வாங்கும் ஸ்மார்ட் தொலைநோக்கி. சீஸ்டார் எஸ்50-ஐ எடுத்துக்கொள்வோம். 50 மி.மீ. விட்டம், 250 மி.மீ. குவியத் தொலைவு. வழக்கமாக 10 நொடிக்கு ஒரு படம் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகும். நெபுலா திரையில் மெல்ல மெல்லத் தெளிவது பார்க்க அருமையாக இருக்கும். நம் வேலைக்கு இந்த அடுக்கல்தான் எதிரி. 500 கி.மீ. உயரத்தில் தலைக்கு மேலே போகும் செயற்கைக்கோள் நொடிக்குச் சுமார் 0.87 டிகிரி நகரும். சீஸ்டாரின் பார்வைப் புலத்தின் (ஒரே நேரத்தில் அதில் தெரியும் வானப் பரப்பின்) நீண்ட பக்கமே 1.3 டிகிரிக்குள்தான். ஆக, அந்தப் பொருள் ஒன்றரை நொடிக்குள் உள்ளே வந்து வெளியே போய்விடும். 10 நொடிப் படத்தில் மிஞ்சுவது ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரு கோடு. எந்தப் பக்கமிருந்து வந்தது, அந்த 10 நொடியில் எப்போது வந்தது, இரண்டுமே தெரியாது. அந்தக் கோட்டையும் அடுக்கும்போது மென்பொருள் குப்பையென்று கழித்துவிடலாம், இல்லாவிட்டால் மற்றப் படங்களோடு கலந்து மங்கிப்போகும்.

அதற்காக இந்த வகையை ஒதுக்கிவிட முடியாது. மெதுவாக நகரும் பொருள் என்றால் கதையே வேறு. பூமியின் சுழற்சியோடு சேர்ந்தே சுற்றுவதால் நமக்கு ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் புவிநிலைச் செயற்கைக்கோள்கள், நட்சத்திரங்களுக்கு எதிரே நொடிக்கு 15 விகலை (ஒரு விகலை என்பது டிகிரியில் 3,600-ல் ஒரு பங்கு) வேகத்தில்தான் நகரும். சீஸ்டார் புலத்தை நீளவாக்கில் கடக்க ஐந்து நிமிடம் ஆகும். ஒவ்வொரு 10 நொடிப் படத்திலும் சின்னக் கீற்றாக விழும், படத்துக்குப் படம் தள்ளிப்போகும். சென்னையிலிருந்து பார்த்தால் இந்தச் செயற்கைக்கோள்களின் வரிசை வான நடுக்கோட்டுக்கு (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கற்பனைக் கோட்டுக்கு) ஏறக்குறைய 2.3 டிகிரி தெற்கே ஓடும். குதிரைத்தலை நெபுலா இருப்பதும் கிட்டத்தட்ட அதே பாதையில்தான். ஓரியன் இடுப்புப்பட்டையின் கீழ்ப்புறத்தைப் படமெடுக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு ‘மர்மக் கீற்றுகள்’ அடிக்கடி கிடைக்க இதுவே காரணம். ஒவ்வொரு ஃபிரேமையும் தனியாகச் சேமிக்கும் வசதி சீஸ்டாரில் இருக்கிறது. அதை இயக்கிவைக்காமல் இரவு முழுக்க ஓட்டுவது வீண்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த யூனிஸ்டெல்லார் தொலைநோக்கிகளின் கதை இதற்கு நல்ல சான்று. 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம் டிமார்ஃபஸ் சிறுகோளில் மோதியபோது, கிளம்பிய தூசியை ரீயூனியன் தீவிலிருந்த ஆர்வலர்கள் அந்தக் கருவிகளில் பதிவு செய்தார்கள். அது ஆய்விதழ் வரை போனது. அங்கே எண்ணப்பட்டது நேரமும் தனித்தனிப் படங்களும்தான்.

அடுத்தது, பலர் பழசு என்று தூக்கிப்போட்ட அனலாக் வீடியோ கேமரா. வாடெக் 902எச் போன்றவை உண்மையில் கண்காணிப்புக் கேமராக்கள். நொடிக்கு 25 அல்லது 30 ஃபிரேம், கறுப்பு வெள்ளை, இரைச்சல் மிகுந்த படம், கணினிக்குள் கொண்டுவரத் தனியாக ஒரு கருவி. இதையெல்லாம் சகித்துக்கொண்டால் ஒரு பெரிய லாபம் உண்டு: ஜிபிஎஸ் நேரத்தை ஒவ்வொரு ஃபிரேம் மேலேயும் அச்சடித்துவிடலாம். சிறுகோள் மறைப்புகளை (சிறுகோள் ஒன்று நட்சத்திரத்தைச் சிறிது நேரம் மறைப்பதை) அளப்பவர்கள் இவற்றை நீண்ட காலம் விடாமல் வைத்திருந்ததற்குக் காரணம் இதுதான். நேரம் ஒரு நொடி தவறினால் தாழ்வான செயற்கைக்கோளின் இடம் 0.87 டிகிரி தவறும். நிலவின் விட்டத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். ஒரு ஃபிரேம் மட்டும் தவறினால் பிழை இரண்டு கலைதான் (60 கலை ஒரு டிகிரி).

2019 மே 24 அன்று நெதர்லாந்தின் லைடனில் செயற்கைக்கோள்களைப் பின்தொடரும் மார்கோ லாங்புரூக், ஸ்பேஸ்எக்ஸின் இணையச் செயற்கைக்கோள்களான ஸ்டார்லிங்கின் முதல் வரிசையைப் படம்பிடித்தது வாடெக் கேமராவில்தான். 60 செயற்கைக்கோள்கள் ரயில் மாதிரி போனதைப் பார்த்த பலர் பறக்கும் தட்டு என்று பதறினார்கள். அவரோ பாதையை முன்பே கணக்கிட்டுக் காத்திருந்தார். ஒன்று மட்டும் இடிக்கிறது. இந்தக் கேமராக்களில் இருக்கும் சிசிடி வகைச் சென்சார்களின் உற்பத்தியை நிறுத்தப்போவதாக சோனி 2015-லேயே அறிவித்துவிட்டது. இனி நல்லவை பழைய சந்தையில்தான் கிடைக்கும், நம் ஊரில் அதுவும் அபூர்வம்.

மூன்றாவது, கோள்களைப் படமெடுக்கும் வேகமான சிமாஸ் (இன்றைய கைபேசிகளில் இருக்கும் சென்சார் வகை) கேமராக்கள். ஐஎம்எக்ஸ்290, 462 போன்ற சென்சார்கள் நொடிக்கு நூறுக்கும் மேற்பட்ட ஃபிரேம் தரும். வானத்தில் அலைந்து எதையாவது பிடிக்க இவை லாயக்கில்லை. 2,000 மி.மீ. குவியத் தொலைவில் பார்வைப் புலம் 10 கலைகூட வராது. செயற்கைக்கோள் கால் நொடிக்குள் கடந்துவிடும். ஆனால் ஓர் இலக்கையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க இவற்றை விஞ்ச எதுவும் இல்லை. 2010 ஜூன் 3 அன்று ஆஸ்திரேலியாவின் அந்தோணி வெஸ்லி வியாழன்மேல் இரண்டு நொடி நீடித்த ஒரு பளிச்சென்ற ஒளியைப் பார்த்தார். பிலிப்பைன்ஸின் கிறிஸ்டோபர் கோ தன் வீடியோவைத் தேடிப் பார்த்தபோது அதே கணத்தில் அதே ஒளி அதிலும் இருந்தது. ஏறத்தாழ 10 மீட்டர் அளவுள்ள ஒரு கல் மோதியது என்று அப்புறம் கணக்கிட்டார்கள். ஒருவர் மட்டும் பார்த்திருந்தால் சென்சாரில் விழுந்த காஸ்மிக் கதிர் (விண்வெளியிலிருந்து வரும் துகள்) என்று தள்ளியிருப்பார்கள். 2021 செப்டம்பரில் பிரேசிலின் ஹோசே லூயிஸ் பெரேரா இன்னொரு மோதலைப் பிடித்ததற்கு, வீடியோவைச் சலித்துப் பார்க்கும் டீடெக்ட் என்ற மென்பொருள் கைகொடுத்தது. முழு ஃபிரேமில் நொடிக்கு நூறு வீதம் பதிந்தால் நிமிடத்துக்கு 12 ஜிபியைத் தாண்டும். இவ்வளவையும் கண்ணால் தேட முடியாது.

நான்காவது, மாடியில் நிலையாக நிற்கும் அகலப்பார்வைக் கேமரா. இது தொலைநோக்கியே இல்லை. உலக விண்கல் வலையமைப்பில் சேர்ந்தவர்கள் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியோடு ஓர் ஐபி கேமராவை (கணினி வலையமைப்பில் இணையும் கண்காணிப்புக் கேமராவை) இணைத்து, நொடிக்கு 25 ஃபிரேம் வீதம் இரவு முழுக்க ஓடவிடுகிறார்கள். பார்வை சுமார் 90 டிகிரி அகலம். மங்கலான பொருள் எதுவும் சிக்காது. ஆனால் எரிகல், ராக்கெட் பாகங்கள் எரிந்து விழுவது, தொடுவானத்தருகே ஒரே இடத்தில் மாறி மாறி மின்னும் ஸ்டார்லிங்க், எல்லாம் தானாகப் பதிவாகும். மனிதர் விழித்திருக்க வேண்டாம். அசையாத கேமரா என்பதால் நட்சத்திரங்களையே அளவுகோலாக வைத்துப் பாதையை அளக்கலாம்.

என் தீர்ப்பு: புரியாத பொருளைப் பிடிப்பதுதான் நோக்கம் என்றால் பணத்தை நான்காவதில் போடுங்கள். வியாழனையோ நிலவையோ ஏற்கெனவே படமெடுக்கிறவர் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். கணினியின் கடிகாரத்தை இணையநேரத்தோடு ஒத்திசைத்து, மூல வீடியோவை அழிக்காமல் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. வாடெக் வைத்திருப்பவர் அதை விற்க வேண்டாம். ஸ்மார்ட் தொலைநோக்கியை இந்த ஒன்றுக்காக மட்டும் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எதை வாங்கினாலும், 50 கி.மீ. தள்ளி இன்னொரு ஆர்வலரோடு பேசிவைத்துக்கொள்ளுங்கள். 500 கி.மீ. உயரத்தில் தலைக்கு மேலே போகும் பொருள் அவருடைய படத்தில் நட்சத்திரங்களுக்கு எதிரே ஐந்தாறு டிகிரி விலகித் தெரியும். அதிலிருந்து உயரத்தைக் கணக்கிடலாம். அவர் படத்தில் அது இல்லவே இல்லை என்றால், பெரும்பாலும் உங்கள் லென்ஸுக்கு முன்னால் பறந்த பூச்சிதான்.