"தலைமுறை கண்ட மலை விதை" பாக்கெட்டுகள்: கோத்தகிரி, குன்னூர் வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு எச்சரிக்கை

எங்கள் விதைக் குழுவின் பொதுப் பெட்டிக்காக வெளி வியாபாரி ஒருவரிடம் காசு கொடுத்து வாங்கிய விதை மொத்தமும் மோசம். கேரட், கொடி பீன்ஸ், தக்காளி மூன்றுமே "தலைமுறைகளாகக் காத்த நீலகிரி நாட்டு ரகம்" என்ற பெயரில் அழகான காகித உறையில் வந்தன. உறையில் ரகத்தின் பெயர் இல்லை, எந்தக் குவியலில் எடுத்தது என்று காட்டும் எண் (லாட் எண்) இல்லை, சோதனை செய்த தேதியும் முளைப்புத்திறனும் இல்லை. பெட்டியிலிருந்து பல வீடுகளுக்குக் கைமாறிப் போய்விட்டதால்தான் இதை விரிவாக எழுதுகிறோம்.

கேரட்டில்தான் பெரிய ஏமாற்று. நூறு போட்டால் கால்வாசிகூட முளைக்கவில்லை. முளைத்ததிலும் பெரும்பகுதி கிழங்கு பருக்கும் முன்பே தண்டு விட்டுப் பூத்துவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் நடுப்பகுதி வெளுத்து, கட்டையாகிக் கிடக்கிறது. "மலைக் குளிர் அப்படித்தான்" என்கிறார் விற்றவர். குளிர் மட்டும் காரணம் என்றால் பக்கத்துப் பாத்தியில் அதே வாரம் விதைத்த கேரட்டும் பூத்திருக்க வேண்டும். அது ஒழுங்காகக் கிழங்கு வைத்திருக்கிறது.

கேரட் ஈராண்டுப் பயிர். முதலில் கிழங்கு, குளிர்காலம் தாண்டிய பிறகு பூ. அறுவடையின்போது நல்ல கிழங்கெல்லாம் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்விடும். அவசரப்பட்டுப் பூத்த செடி மட்டும் விலைபோகாமல் காட்டிலேயே நிற்கும். அதைச் செலவில்லாமல் உருவி உறையில் போட்டால், சீக்கிரம் பூக்கும் குணத்தையே பொறுக்கியெடுத்து விற்றதாகிறது. இந்த விதையின் போக்கு அச்சு அசல் அப்படித்தான் இருக்கிறது. முறையாக எடுப்பவர்கள் முற்றிய கிழங்கைப் பிடுங்கி, கிளைத்ததையும் வெடித்ததையும் கழித்து, தழையை இரண்டு விரல் விட்டு அரிந்து, மறுபடி நடுவார்கள். குறைந்தது நாற்பது செடியாவது ஒன்றாகப் பூக்க வேண்டும். நாலைந்து செடியில் எடுத்தால் சில தலைமுறையில் வீரியம் போய்விடும். தேனீ மகரந்தம் கொண்டுவரும் என்பதால் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் வேறு கேரட் பூத்திருக்கக் கூடாது. விதை விற்பவரிடம் "எத்தனை கிழங்கை மறுநடவு செய்தீர்கள்?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் வாங்க வேண்டாம்.

பீன்ஸ் விதையில் வந்தது ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோய். இலையின் அடிப்பக்கம் நரம்பு செங்கல் நிறமாகிக் கருக்கும். காயில் வட்டமாகக் குழிந்த புள்ளி விழும், ஓரம் கருத்திருக்கும். அதே புள்ளி உள்ளே இறங்கி விதைத்தோலில் பழுப்புக் கறையாகத் தெரியும். பூஞ்சை விதைக்குள்ளேயே இருப்பதால் மேலே சாம்பலோ மருந்துத் தூளோ புரட்டிப் பயனில்லை. முட்டைக்கோஸ் விதைக்குச் செய்வதுபோல் வெந்நீரில் போட்டால் பீன்ஸ் விதை வெடித்துவிடும். மழைச்சாரலும் ஈரச் செடியைத் தொட்ட கையும் நோயைப் பரப்பும். நோய் கண்ட செடியைக் காய்ந்த நாளில் வேரோடு பிடுங்கி எரியுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். அந்தப் பாத்தியில் மூன்று ஆண்டு பீன்ஸ் வேண்டாம்.

மழையில் நனைந்த நெற்றில் எடுத்த விதையில்தான் இந்தத் தொல்லை அதிகம். கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. நெற்று ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் காயும்படி விதைப்பைத் தள்ளிவைக்க வேண்டும், உறைபனி தங்கும் பள்ளத்தைத் தவிர்த்து. தொப்புளோரம் (விதை நெற்றில் ஒட்டியிருந்த தழும்போரம்) இளஞ்சிவப்புச் சாயம் ஒட்டிய பீன்ஸும் உறையில் கலந்திருந்தது. அது கடை விதைக்குப் பூசும் பூஞ்சைக்கொல்லியின் நிறம். கழுவிக்கூடச் சமைக்காதீர்கள்.

தக்காளி, ஹைபிரிட் (இரண்டு ரகங்களைக் கலந்து உண்டாக்கிய) பழத்தைப் பிழிந்தெடுத்த விதையேதான். ஒரே உறையில் ஒரு செடி குட்டை, ஒன்று கொடி, பழம் ஒன்று உருண்டை, ஒன்று நீளம். நிலைத்த ரகம் இப்படிப் பிரியாது.

இனி வெளியிலிருந்து எது வந்தாலும் சோதிக்காமல் பெட்டிக்குள் விடக் கூடாது. நூறு விதையை ஈரத் துணியில் வரிசையாக வைத்துச் சுருட்டி, காற்றுப் போகும்படி டப்பாவில் நிறுத்துங்கள். பீன்ஸை ஒன்பதாம் நாளும், கேரட்டையும் தக்காளியையும் பதினான்காம் நாளும் எண்ணுங்கள். பீன்ஸுக்கு 75, தக்காளிக்கு 70, கேரட்டுக்கு 60 விழுக்காடு குறைந்தபட்சத் தரம். ஊட்டியில் ஜூலை மாதம் வெறும் அலமாரியில் வைத்தால் நல்ல தக்காளி விதைகூடக் குளிரில் முளைக்காது. அடுப்படியில் வெதுவெதுப்பான மூலையில் வையுங்கள், இல்லையென்றால் விற்றவர்மேல் தப்பான பழி விழும். பீன்ஸ் விதையைச் சுத்தியலால் தட்டினால் நொறுங்க வேண்டும். நசுங்கினால் ஈரம் இருக்கிறது. சம எடை சிலிக்கா ஜெல்லோடு இறுக்கமான டப்பாவில் ஒரு வாரம் வைத்தால் காய்ந்துவிடும்.

அதே ஆள் இப்போது "மலை விதை உருளைக்கிழங்கு" என்று அறிவித்திருக்கிறார். இதை மட்டும் தயவுசெய்து தொடவே தொடாதீர்கள். உருளையின் வேரைத் தாக்கும், முட்டைகளைக் கூட்டுக்குள் வைக்கும் நுண்ணிய புழுவான முட்டைக்கூடு நூற்புழு நீலகிரியில் 1961இல் கண்டுபிடிக்கப்பட்டது. கொடைக்கானல் மலையிலும் இருக்கிறது. கிழங்கில் ஒட்டிய மண்ணோடு அது புதுத் தோட்டத்துக்குப் போகும். அதன் கூடு மண்ணில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும். பீன்ஸ் நோயைச் செடியோடு எரித்து அடக்கலாம், இதை அப்படி அடக்க முடியாது.

தன் நிலத்து விதையைச் சேமிக்கவும் பகிரவும் விற்கவும் விவசாயிக்கு 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம் உரிமை தருகிறது. அந்த உரிமையைச் சொல்லி, எங்கெங்கோ வாங்கிய விதையைப் பெயர் அச்சிட்ட உறையில் போட்டு விற்பவர் தப்ப முடியாது. வாங்கியவர்கள் உறை, பணம் அனுப்பிய ரசீது, மிச்ச விதை மூன்றையும் பத்திரமாக வைத்துக்கொண்டு வட்டார விதை ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. எங்கள் பெட்டியிலிருந்து இந்தக் கேரட், பீன்ஸ், தக்காளி விதைகளில் எதையாவது எடுத்துப்போனவர்கள் அதிலிருந்து மறுவிதை எடுக்க வேண்டாம், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம்.