விறாந்தைத் தூண் மாத்தப் போற ஆக்கள் கவனம்: பெயின்ட்டுக்குள்ள என்ன இருக்கெண்டு பாத்திட்டுக் காசு குடுங்கோ

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் பழைய ஓட்டு வீடு வச்சிருக்கிற ஆக்கள் தயவுசெய்து இதை முழுசா வாசியுங்கோ. முன் விறாந்தையில மரத்தூண் உக்கிப்போச்சு, மாத்த ஒரு பாஸை (வேலைகாரரை) தேடுறம் எண்டு நிக்கிறவை இன்னும் கவனமா வாசியுங்கோ. எங்கட வீட்டில நடந்ததை ஒண்டும் கூட்டாம குறைக்காம எழுதுறன்.

எங்கட வீடு அப்பா காலத்து வீடு, காலி வீதியில இருந்து கடல் பக்கமா இறங்கிற ஒரு ஒழுங்கைக்குள்ள. முன்னால நாலு மரத்தூண், அதுக்கு மேல நீட்டுக்கு ஒரு வளை (உத்தரம்), அந்த வளையிலதான் விறாந்தைக் கூரை முழுக்க இருக்கு. வாசல் பக்கத்து ரெண்டு தூணும் அடியில உக்கிட்டுது. மேல பீலி (கூரைத் தண்ணி ஓடுற வாய்க்கால்) ஓட்டை, மழைக்கு தண்ணி முழுக்க தூணிலதான் வடியிறது, அதோட முந்தி ஒருக்கா நிலம் திருப்பிப் போடேக்க தூணின்ர காலைச் சுத்தி சீமெந்தைப் போட்டு இறுக்கி விட்டிருக்கினம். மரத்தின்ர அடி வெட்டுமுகம் தண்ணியை உறிஞ்சி மேல இழுக்கும், சுத்தி சீமெந்து நிண்டா அது காயவே காயாது, மரத்துக்குள்ள ஈரம் 20 சதவீதத்துக்கு மேல நிண்டுகொண்டே இருந்தா பூஞ்சணம் பிடிச்சு உக்கத் தொடங்கிடும். நனைஞ்சு காயிற மரம் எத்தனையோ வருசம் நிக்கும், நனைஞ்சபடியே நிக்கிற மரம் நிக்காது.

தெரிஞ்ச ஒராள் மூலமாத்தான் இந்தக் கொன்ட்ராக்டர் வந்தவர். வாய்க்கு வாய் "அம்மா, அம்மா" எண்டு என்ர அம்மாவோட நல்லா ஒட்டிட்டார். தூணைத் தட்டிப் பாத்திட்டு, "அம்மா, நாலும் போச்சு, கறையான், இப்ப மாத்தாட்டி கூரை வந்திடும்" எண்டு பயப்பிடுத்தி, கறையான் மருந்துக்கு வேற தனியாக் காசு சேத்தார். கறையான் எண்டா மண்ணால பாதை கட்டியிருக்கும், மரத்தைப் பிளந்தா உள்ளுக்கு மண் இருக்கும். எங்கட தூணில ஒரு துளி மண் இல்லை. மரம் கபில நிறமாகி சின்னச் சின்னச் சதுரமா வெடிச்சு, விரலால நசிச்சாத் தூளாப் போச்சு. அது பூஞ்சண உக்கல், கறையான் வேலையே இல்லை.

நாலு தூணும் பலா வைரத்தில (உள் மரத்தின்ர உறுதியான பகுதியில) போட்டுத் தாறன், பீலியும் சேத்து 320,000 ரூபா, அரைவாசி அட்வான்ஸ் எண்டார். மரம் வாங்கின பில்லைக் கேட்டா, குருநாகல்ல சொந்தக்காரற்ற தோட்டத்து மரம், பில் இல்லையாம். இதைக் கேட்டாலே நீங்கள் உசாராகோணும், ஏனெண்டா இலங்கையில பலா மரத்தை நினைச்சபடி தறிக்கேலாது, 1951ல வந்த சட்டப்படி அதுக்கு அனுமதி எடுக்கோணும், ஒழுங்கான பலா மரம் எண்டா மரக்காலைப் பில்லோ அனுமதிப் பத்திரமோ ஏதோ ஒரு கடதாசி கட்டாயம் இருக்கும்.

வேலை நடந்ததெல்லாம் நான் ஒஃபிஸில நிண்ட நேரம். தூசி எண்டு சொல்லி விறாந்தையைத் தறப்பாளால மூடி, அம்மாவையும் "உள்ள போய் இருங்கோ அம்மா" எண்டு அனுப்பிட்டார். அந்தப் பாரமான கூரைக்கு முண்டு குடுத்தது மெல்லிசான கமுகமரத் தடியள். வளை இறங்கி ஓடு சரிஞ்சு, அம்மா வழமையாக் கதிரை போட்டு இருக்கிற இடத்தில ஓடு விழுந்து உடைஞ்சிருக்கு. அவ அந்த நேரம் குசினிக்குள்ள நிண்டபடியாத் தப்பினா. காசு போனதை விட இதை நினைச்சாத்தான் எனக்கு இப்பவும் நெஞ்சு பதறுது. அதுக்கு அவர் சொன்ன பதில், "பழைய வீடுதானே தம்பி, அப்பிடித்தான்".

தறப்பாளைக் கழட்டேக்க நாலு தூணும் மொத்தமா பிரவுண் எனாமல் அடிச்சு பளபளவெண்டு நிண்டுது, பாக்க ஒரு குறையும் இல்லை, மிச்சக் காசையும் வாங்கிக்கொண்டு போட்டார்.

மே மாசம் தென்மேல் பருவமழை தொடங்கினதும் தூணின்ர அடியில பெயின்ட் கொப்பளிச்சுது. ஸ்குரூ ட்ரைவரால ஒருக்காக் குத்திப் பாத்தன், பிடி வரைக்கும் உள்ளுக்க போச்சு. பிறகு பலகையைக் கிளப்பிப் பாத்தா, உள்ளுக்க அப்பா காலத்தில அடிச்ச பச்சைப் பெயின்ட் அப்பிடியே இருக்கு! வாசல் பக்கத்து ரெண்டையும் மாத்தவே இல்லை. உக்கின அடியை மட்டும் வெட்டி, அந்த இடத்தில உடைஞ்ச செங்கல்லும் சீமெந்தும் அடைச்சு, சுத்தி முக்கால் இஞ்சிப் பலகையை ஆணியடிச்சு, மூலை எல்லாம் புட்டி பூசி மறைச்சிருக்கிறார். மற்ற ரெண்டும் புதுசுதான், ஆனா அல்பீசியா எண்ட மென்மையான மரம். நகத்தால அமத்தினா அடையாளம் விழுது, மேல மட்டும் மஞ்சள் சாயம். கறையான் மருந்து எண்டது பழைய எஞ்சின் ஒயில், அந்த மணம் இன்னும் போகேல்லை. நாலின்ர அடியும் திரும்பவும் சீமெந்துக்குள்ளதான் நிக்குது. பீலி தொடவே இல்லை.

போன் எடுத்தா முதல் "சைட்டில நிக்கிறன் தம்பி", பிறகு "மழைக்கு நான் என்ன செய்யிறது", இப்ப நம்பரே வேலை செய்யேல்லை.

பிறகு மொறட்டுவையில இருந்து ஒரு வயசான தச்சு பாஸ் வந்து திருத்தினவர். அவர் வந்த உடன தூணைத் தொடேல்லை, முதல்ல பீலியைத் திருத்தச் சொன்னவர். வளைக்குக் கீழ தடிச்ச பலகை வச்சு ரெண்டு பக்கமும் இரும்பு ஜாக் குடுத்து, பாரம் முழுக்க ஜாக்கில ஏறினதைப் பாத்த பிறகுதான் ஒரு தூணைக் கழட்டினார், அது நிண்டு முடியாம அடுத்ததில கை வைக்கேல்லை. அடியில கருங்கல்லு, கல்லுக்கும் மரத்துக்கும் நடுவில ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி, அரை இஞ்சி இடைவெளி விட்டு மரம் நிலத்தில முட்டாம நிக்குது (கடல் காத்துக்கு சாதாரண இரும்பு கறள் பிடிச்சிடும் எண்டு அதையும் விளங்கப்படுத்தினவர்). அடி வெட்டுமுகத்துக்கு மருந்து ரெண்டு மூண்டு தரம் பூசி ஊற விட்டவர்.

மரம் எப்பிடிப் பாக்கிறதெண்டும் காட்டினார். பலா வைரம் நல்ல மஞ்சளா இருக்கும், வெளிச்சம் பட பட கபிலமாகும். வெளிப்பக்கத்து வெள்ளை கூடக் கிடந்தா வாங்காதேங்கோ, அது கெதியா உக்கும், பூச்சியும் அரிக்கும். மரத்தைப் பெயின்ட் இல்லாம வீட்டை இறக்கச் சொல்லுங்கோ, ஒரு மூலையைச் சீவிப் பாருங்கோ, அறுத்த பக்கம் உள்ளுக்கும் அதே நிறமோ எண்டு பாருங்கோ. பழைய தூண் நாலையும் முத்தத்தில போடச் சொல்லுங்கோ, இதை மறந்திடாதேங்கோ. எங்கட கொன்ட்ராக்டர் பழைய மரத்தை "நான் கொண்டுபோய் எறியிறன்" எண்டவர், எறிய அங்க நாலு தூணும் இல்லை, ரெண்டுதான். தூணை நட்டு பெயின்ட் அடிக்க முதல் படம் எடுங்கோ, பெயின்ட் அடிக்காத தூணைப் பாக்காம மிச்சக் காசைக் குடுக்காதேங்கோ.

பில்லில "தூண் வேலை மொத்தம்" எண்டு ஒரு வரி எழுதித் தந்தா ஏற்காதேங்கோ. என்ன மரம், எத்தினை அடி, என்ன அளவு எண்டு கையெழுத்தோட வாங்குங்கோ. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின்ர நம்பர் 1977, முறைப்பாடு குடுக்க இந்தக் கடதாசியும் படங்களும் வேணும். நாங்கள் மத்தியஸ்த சபைக்கும் போட்டிருக்கிறம்.

அந்தாளின்ர பேரை இங்க போடேல்லை. ஆனா தறப்பாள் கட்டி மூடி, வீட்டு ஆக்களை உள்ள அனுப்பிட்டு வேலை செய்யிற ஆள் ஆராயிருந்தாலும் அந்த இடத்திலயே வேலையை நிப்பாட்டுங்கோ. பச்சைப் பெயின்ட் தெரியிற படங்கள் எல்லாம் என்னட்டை இருக்கு, வேணுமெண்டவை கேளுங்கோ, அனுப்பிவிடுறன்.