குரோமா, பயர்பொக்ஸா? கணினியையும் போனையும் சிங்க் செய்ய எது கைகொடுக்கும்

லப்டொப்பில் போட்ட புக்மார்க்கும் கடவுச்சொல்லும் போனிலும் இருக்க வேண்டும், போனில் பாதி வாசித்த பக்கத்தை லப்டொப்பில் தொடர வேண்டும். சிங்க் எனப்படும் இந்த வேலையை குரோம், பயர்பொக்ஸ், எட்ஜ், பிரேவ் ஆகிய நான்கு பிரவுசர்களுமே செய்கின்றன, நான்கும் இலவசம். நான் தெரிந்தெடுத்துப் பாவிப்பது பயர்பொக்ஸ். கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ யாரும் கேட்டாலும் அதைத்தான் முதலில் சொல்வேன். ஐபோனில் எனக்குப் பழக்கம் குறைவு என்பதால் இங்கே சொல்பவை அன்ரொயிட் போனுக்கும் விண்டோஸ் கணினிக்கும் உரியவை.

எல்லாருக்கும் தெரிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குரோம் பெரும்பாலான அன்ரொயிட் போன்களில் ஏற்கெனவே இருக்கிறது, தனியாக இறக்கத் தேவையில்லை. பேஸ்புக் போன்ற அப்களுக்குள் கடவுச்சொல்லைத் தானாக நிரப்புவதிலும் கூகிள் முந்தி நிற்கிறது. 2 ஜிபி ரம் உள்ள பழைய போனில் பயர்பொக்ஸ் சற்றுக் கனமாகத்தான் ஓடும். பயர்பொக்ஸின் பக்கம், போனிலேயே யூபிளொக் ஒரிஜின் போட்டு விளம்பரங்களைத் தடுக்கலாம். அன்ரொயிட் போனில் உள்ள குரோமில் இப்படியான எக்ஸ்ரென்ஷன், அதாவது பிரவுசரோடு சேர்க்கும் துணைக்கருவி, எதுவுமே போட முடியாது. ரீலோட் போட்டு டேட்டா வாங்கிப் பாவிக்கிறவருக்கு இது சின்ன விசயமில்லை. ஆனால் கணினியில் போட்ட எக்ஸ்ரென்ஷன் சிங்க் மூலம் போனுக்கு வராது, போனில் தனியாகப் போட வேண்டும்.

இவற்றை வைத்து நான் முடிவெடுக்கச் சொல்லமாட்டேன். போன் தொலைந்தால், சிம் கட்டானால், கடவுச்சொல் மறந்தால், சேமித்ததெல்லாம் எந்த வழியால் திரும்பி வரும்? இதற்கு இரண்டும் தரும் விடைகள் வேறு வேறு. நம்முடைய இடத்தில் இதுதான் தீர்மானிக்கும் காரணம்.

குரோமில் சிங்க் என்றால் கூகிள் கணக்குத்தான். வழமையான அமைப்பில் தரவைத் திறக்கும் சாவி கூகிளிடமே இருக்கும். கடவுச்சொல்லை மறந்தாலும், கணக்கை மீட்டுவிட்டால் புக்மார்க், கடவுச்சொல் எல்லாம் அப்படியே திரும்பக் கிடைக்கும். கேட்க நல்லாயிருக்கிறது. ஆனால் கணக்கை மீட்பது எப்படி? பெரும்பாலும் அதில் பதிந்த தொலைபேசி எண்ணுக்கு வரும் குறியீட்டால், அல்லது ஏற்கெனவே அந்தக் கணக்கு உள்ள போனில் காட்டும் அறிவித்தலால். வன்னியில் எத்தனை பேர் நாலு வருடத்துக்கு முந்தைய எண்ணையே இன்றும் வைத்திருக்கிறார்கள்? ரீலோட் போடாமல் விட்ட எண் கட்டாகிறது, வெளிநாடு போனவரின் சிம் லாச்சிக்குள் கிடந்து செயலிழக்கிறது, போனும் சிம்மும் ஒன்றாகவே களவுபோகின்றன.

இதைவிட மோசமான நிலை ஒன்று உண்டு. புதுப் போன் வாங்கும்போது கடைக்காரத் தம்பியே ஒரு ஜிமெயில் திறந்து, ஒரு கடவுச்சொல்லும் போட்டுத் தந்துவிடுவார். அது என்னவென்று வாங்கியவருக்குத் தெரியாது. அம்மா, அப்பாவின் போன்களில் இதுதான் அநேகம். குரோமில் சேமிக்கும் ஒவ்வொன்றும் அந்தக் கணக்குக்குள் போய்ச் சேர்கிறது. போன் உடைந்தால் அதைத் திறக்க ஆள் இல்லை. இன்றைக்கே சோதித்துப் பாருங்கள். போனின் செட்டிங்ஸில் கூகிள் என்ற பகுதியைத் தொட்டால் மேலே கணக்கின் பெயர் தெரியும். அதே பெயரைக் கொண்டு ஒரு கணினியில் உள்நுழைய முடிகிறதா? முடியாவிட்டால் குரோம் சிங்க் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. போன் கையில் உயிரோடு இருக்கும்போதே கடவுச்சொல்லை மாற்றி, எண்ணையும் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

பயர்பொக்ஸில் சாவி உங்கள் கடவுச்சொல்லிலிருந்தே உருவாகிறது. தரவு உங்கள் கருவியில் பூட்டப்பட்ட பிறகுதான் பயர்பொக்ஸைத் தரும் மொசில்லாவின் சேர்வருக்குப் போகிறது, அவர்களாலும் அதைத் திறந்து வாசிக்க முடியாது. இதன் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கடவுச்சொல்லை மறந்து ரீசெட் செய்தால் சேர்வரில் இருக்கும் தரவு அழிக்கப்படும். லப்டொப்பிலோ போனிலோ ஒன்றில் பழைய தரவு எஞ்சியிருந்தால், புதிய கடவுச்சொல்லோடு அங்கே உள்நுழைந்ததும் அது மறுபடி மேலே ஏறும். லப்டொப்பையும் போர்மட் பண்ணி, போனும் தொலைந்து, அதற்குப் பிறகு ரீசெட் செய்தால் எதுவும் மிஞ்சாது.

இதற்கு மொசில்லா தரும் மாற்றுவழிதான் கணக்கு மீட்புச் சாவி. பயர்பொக்ஸின் பக்கம் என்னைச் சாயவைப்பதும் இதுதான். கணினியில் மொசில்லா கணக்கின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, செக்யூரிட்டி பகுதியில் 'அக்கவுண்ட் ரிக்கவரி கீ' என்பதில் 'கிரியேட்' அழுத்துங்கள். கடவுச்சொல்லை ஒருமுறை கேட்டுவிட்டு 32 எழுத்துள்ள சாவியைத் தரும். அதைப் பேனையால் தாளில் எழுதுங்கள், அல்லது பிரின்ட் எடுங்கள். சாவியை எங்கே வைத்தீர்கள் என்று உங்களுக்கு மட்டும் விளங்கக்கூடிய சின்னக் குறிப்பொன்றையும் கேட்கும், ரீசெட் செய்யும் நேரம் அந்தக் குறிப்பைக் காட்டும். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் வைக்கும் பைலுக்குள் அந்தத் தாளை வையுங்கள். போனில் படம் எடுத்து வைத்தால் போனோடு அதுவும் போய்விடும். சாவியை ஒருமுறை பாவித்துவிட்டால் பழையது செல்லாது, புதியதை மறக்காமல் எழுத வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: புதிய கருவியில் பயர்பொக்ஸ் கணக்கைத் திறக்கும்போது உறுதிப்படுத்தும் எண் மின்னஞ்சலுக்கு வரும். அந்த மின்னஞ்சல் ஜிமெயிலாக இருந்து, அதில் இரண்டு படிச் சரிபார்ப்பும் (கடவுச்சொல்லோடு போனுக்கு வரும் குறியீட்டையும் கேட்பது) போட்டிருந்தால், மறுபடி தொலைந்த சிம்மிலேயே வந்து முட்டுவீர்கள். ஆகவே கூகிள் கணக்கின் செக்யூரிட்டி பகுதியில் 'பக்கப் கோட்ஸ்' எடுத்து அதே தாளில் எழுதுங்கள். 10 குறியீடுகள் தருவார்கள், ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒன்றை ஒருமுறைதான் பாவிக்கலாம். குரோமோடே இருக்கப்போகிறவர்களும் இதையாவது செய்து வையுங்கள். அவர்களுக்கு மீட்புச் சாவியின் இடத்தில் இருப்பது இந்தப் பத்துக் குறியீடுகள்தான்.

கொமினிகேசன் கடைக் கணினி

பல்கலைக்கழக விண்ணப்பமோ பரீட்சைப் பெறுபேறோ, அச்செடுக்கக் கடைக்குப் போகாமல் முடியாது. அங்கே குரோமில் ஜிமெயிலைத் திறந்தால், 2018இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு, பிரவுசருக்குள்ளும் உங்கள் கணக்கு ஏறிவிடும். அதற்குமேல் சிங்க்கை இயக்கவா என்று கேட்கும் பெட்டியில் அவசரத்தில் 'யெஸ்' அழுத்தினால், உங்கள் கடவுச்சொற்கள் கடைக் கணினிக்கு இறங்கும், கடையின் புக்மார்க்குகள் உங்கள் போனுக்கு ஏறும். பயர்பொக்ஸில் ஜிமெயில் வேறு, பிரவுசர் கணக்கு வேறு. இந்தக் குழப்பம் அங்கே நடக்க வழியில்லை. கடையில் குரோம் மட்டும்தான் இருக்கிறதென்றால், மேலே வலப்பக்கம் உள்ள படத்தைத் தொட்டு 'கெஸ்ட்' முறையில் திறவுங்கள். வேலை முடிந்து அந்த ஜன்னலை மூடியதும் உள்நுழைவு அழிந்துவிடும். இறக்கிய பைல்கள் மட்டும் டவுன்லோட்ஸ் போல்டரில் கிடக்கும், அவற்றைக் கையால் அழிக்க வேண்டும்.

குரோமிலிருந்து மாறும் ஒழுங்கு

வரிசை பிழைத்தால் எல்லாப் புக்மார்க்கும் இரண்டு இரண்டாக வந்துவிடும். முதலில் கணினிக் குரோமில் கொன்ட்ரோல், ஷிப்ட், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தி, மூன்று புள்ளிக்குள் 'எக்ஸ்போர்ட் புக்மார்க்ஸ்' செய்யுங்கள். ஒரு எச்டிஎம்எல் பைல் கிடைக்கும். பயர்பொக்ஸிலும் அதே மூன்று விசைதான். 'இம்போர்ட் அன்ட் பக்கப்' என்பதில் அந்தப் பைலை உள்ளே எடுங்கள். இதை ஒரு கணினியில் ஒரே ஒருமுறை செய்தால் போதும். பைலைப் போனில் உள்ள பயர்பொக்ஸுக்குள் நேரே எடுக்க வழியில்லை, ஆகவே கணினி ஒன்று கட்டாயம் வேண்டும்.

கடவுச்சொற்களை குரோமின் 'பாஸ்வேர்ட் மனேஜர்' அமைப்பிலிருந்து சிஎஸ்வி பைலாக இறக்கி, பயர்பொக்ஸின் பாஸ்வேர்ட்ஸ் பக்கத்தில் 'இம்போர்ட் ஃப்ரொம் எ ஃபைல்' மூலம் ஏற்றலாம். அந்த சிஎஸ்வி பைலில் எல்லாக் கடவுச்சொல்லும் பூட்டில்லாமல் வெளிப்படையாக இருக்கும். பென் ட்ரைவில் போடாதீர்கள், ஏற்றிய கையோடு ஷிப்ட், டிலீட் சேர்த்து அழித்துவிடுங்கள்.

அதன் பிறகு கணினிப் பயர்பொக்ஸில் கணக்கைத் திறந்து ஒருமுறை 'சிங்க் நௌ' அழுத்துங்கள். கடைசியாகப் போன். கணினியின் மெனுவில் 'கனெக்ட் அனதர் டிவைஸ்' என்பதைத் திறந்தால் கியூஆர் குறியீடு வரும். போனில் பயர்பொக்ஸைத் திறந்து, செட்டிங்ஸில் சிங்க் பகுதிக்குப் போய் அங்கிருந்தே அதை ஸ்கான் செய்யுங்கள். நீளக் கடவுச்சொல்லைப் போனில் தட்டத் தேவையில்லை.

போனில் புக்மார்க் வரவில்லை என்று பலர் இந்த இடத்தில் கைவிடுகிறார்கள். வந்திருக்கும். புக்மார்க்ஸ் பட்டியலில் 'டெஸ்க்டொப் புக்மார்க்ஸ்' என்று ஒரு போல்டர் உண்டு, அதற்குள் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் போனின் பட்டரி சேவர் பின்னணி வேலையை நிறுத்தியிருக்கலாம். பயர்பொக்ஸைத் திறந்து வைத்து 'சிங்க் நௌ' கொடுங்கள்.

இரண்டுக்கும் பொதுவான ஒன்று: சிங்க் இருந்தால் காப்புப் பிரதி இருக்கிறது என்று எண்ணக்கூடாது. போனில் பிள்ளை விளையாட்டாக ஒரு போல்டரை அழித்தால் அடுத்த சிங்க்கில் லப்டொப்பிலும் அது இருக்காது. இங்கேயும் பயர்பொக்ஸ் ஒரு படி மேல். கணினியில் அது தானாகவே திகதி வாரியாக 15 புக்மார்க் பிரதிகள் வரை வைத்திருக்கும். 'இம்போர்ட் அன்ட் பக்கப்' பகுதியில் 'ரீஸ்டோர்' என்பதன் கீழ் திகதியைத் தெரிந்தெடுத்தால் பழைய நிலை திரும்பும். அது இப்போதுள்ள புக்மார்க் முழுவதையும் நீக்கிவிட்டுப் பழையதை வைக்கும் என்பதை மனதில் வைத்துச் செய்யுங்கள். பிரதிகள் இருப்பது கணினிக்குள்தான். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலில் கணினி எரிந்தால் அவையும் போகும், ஆகவே மழைக்கு முன் எச்டிஎம்எல் பைல் ஒன்றை எடுத்து வேறிடத்தில் வையுங்கள்.

எட்ஜ் பற்றி நீளமாகச் சொல்ல இல்லை. மைக்ரோசொப்ட் கணக்கோடு ஓடுகிறது, அலுவலகத்தில் அந்தக் கணக்கு இருப்பவருக்கு வசதி. பிரேவில் கணக்கே கிடையாது, சொற்றொடர் ஒன்றால் கருவிகளைச் சேர்க்கிறார்கள். அந்த 25 சொற்களில் கடைசிச் சொல் நாளுக்கு நாள் மாறும். தாளில் எழுதி வைத்துவிட்டு அடுத்த மாதம் அப்படியே அடித்தால் ஏற்காது. மீட்புக்குத் தாளை நம்பியிருப்பவருக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

போனை விற்கும்போது முதலில் பயர்பொக்ஸில் கணக்கைத் துண்டியுங்கள், பிறகு செட்டிங்ஸில் கூகிள் கணக்கை நீக்குங்கள், அதன் பின்பே பக்டரி ரீசெட். கூகிள் கணக்கை நீக்காமல் போனை ரிக்கவரி வழியால் அழித்தால், வாங்கியவர் திறக்கும்போது உங்கள் பழைய கணக்கைக் கேட்டுப் பூட்டி நிற்கும். போன் ஏற்கெனவே கைமாறிவிட்டால், மொசில்லா கணக்கின் பக்கத்தில் இணைந்த கருவிகளின் பட்டியலில் அதை 'சைன் அவுட்' செய்யலாம். அதன் பிறகு புதிதாக எதுவும் அங்கே போகாது. ஆனால் ஏற்கெனவே போனுக்குள் இறங்கியவை அழியமாட்டா, அதில் சேமித்திருந்த முக்கியமான கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக மாற்றிவிடுங்கள்.