கூகுளில் வரக்கூடாத பக்கம்: ரோபாட்ஸ் கோப்பா, நோஇண்டெக்ஸா?

நான் பார்த்துக்கொள்ளும் ஒரு தளத்தில் பழைய விலைப்பட்டியல் பக்கம் ஒன்று இருந்தது. அது தேடலில் வரக்கூடாது என்று ரோபாட்ஸ்.டிஎக்ஸ்டி கோப்பில் 'டிஸ்அலோ' போட்டேன். தேடுபொறிகளின் பாட்களுக்கு, அதாவது பக்கங்களைத் தானாக வந்து படிக்கும் நிரல்களுக்கு, எங்கே வரக்கூடாது என்று சொல்லும் கோப்பு அது; டிஸ்அலோ என்பது 'இங்கே வராதே' என்ற வரி. சில வாரம் கழித்துத் தேடினால் முகவரி அப்படியே நிற்கிறது, கீழே விவரம் மட்டும் இல்லை. யாரோ ஒரு டீலர் தன் தளத்திலிருந்து அதற்கு லிங்க் கொடுத்திருந்தார். கூகுளுக்கு அதுவே போதும்.

ரோபாட்ஸ் கோப்பு 1994இல் மார்டைன் கோஸ்டர் முன்வைத்த ஏற்பாடு; 2022இல் ஆர்எஃப்சி 9309 என்ற எண்ணோடு இணையத் தர ஆவணமாக முறைப்படி வெளியானது. 'உள்ளே வராதே' என்று மட்டும்தான் அது சொல்லும். 'பட்டியலில் சேர்க்காதே' என்று சொல்வது நோஇண்டெக்ஸ். பக்கத்தின் எச்டிஎம்எல்லில், படிப்பவர் கண்ணில் படாத ஹெட் பகுதியில் எழுதும் ஒரே ஒரு மெட்டா வரி அது. ஆனால் கூகுளின் பாட் உள்ளே வந்து அந்த வரியைப் படித்தாக வேண்டும்.

நான் சறுக்கியதும் இங்கேதான். நோஇண்டெக்ஸ் சேர்த்தேன், டிஸ்அலோவை எடுக்கவில்லை. கதவைப் பூட்டிவிட்டு உள்சுவரில் அறிவிப்பு ஒட்டினால் யார் படிப்பது? டிஸ்அலோவை நீக்கி, பாட் மறுபடி வந்துபோன பிறகுதான் பக்கம் மறைந்தது. ஒரு பக்கத்தை மறைக்க என் தேர்வு நோஇண்டெக்ஸ்தான், அதுவும் தனியாக.

பிடிஎஃப்புக்கு ஹெட் பகுதி கிடையாது. அதற்கு சர்வர் கோப்போடு சேர்த்து அனுப்பும் எக்ஸ்-ரோபாட்ஸ்-டேக் ஹெடர் என்ற குறிப்பில் அதே சொல்லைப் போட வேண்டும். ரோபாட்ஸ் கோப்புக்குள்ளேயே நோஇண்டெக்ஸ் எழுதும் பழைய வழியை 2019 செப்டம்பர் 1 முதல் கூகுள் கண்டுகொள்வதில்லை.

ரோபாட்ஸ் கோப்பு ஜெயிக்கும் இடமும் உண்டு. நிறம், அளவு, விலை என்று ஃபில்டர் மாற மாற ஆயிரக்கணக்கில் முகவரி முளைக்கும் ஆன்லைன் கடையில் நோஇண்டெக்ஸ் போட்டாலும் பாட் ஒவ்வொன்றாக வந்துதான் படிக்கும். சர்வருக்கு வீண் சுமை. அங்கே டிஸ்அலோதான் சரி. ஒரே சரக்கு இரண்டு மூன்று முகவரியில் இருந்தால் எது முதன்மை முகவரி என்று சொல்லும் கெனானிக்கல் வரி போதும், ஆனால் கூகுள் அதை ஆலோசனையாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

அவசரம் என்றால், கூகுள் தள உரிமையாளர்களுக்குத் தரும் சர்ச் கன்சோலில் நீக்கல் கருவி இருக்கிறது. அது சுமார் 6 மாதம்தான் மறைக்கும். அதற்குள் நோஇண்டெக்ஸ் போட்டுவிடுங்கள்.

சம்பளப் பட்டியல், மதிப்பெண் பட்டியல் மாதிரியானவற்றுக்கு இவை எதுவும் உதவாது. ரோபாட்ஸ் கோப்பை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். அதில் பாதையை எழுதினால் இடத்தை நாமே காட்டிக்கொடுத்த மாதிரி. அவற்றுக்குப் பாஸ்வேர்டு போடுங்கள்.