61,000 கிலோமீட்டருக்குப் பின்: என் மின்காரும் அதன் மரக்கணக்கும்

கார் வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் பேட்டரியில் ஒரு மாட்யூல் (பல செல்கள் சேர்ந்த தொகுதி) பழுதாகி, உத்தரவாதத்தில் செலவில்லாமல் மாற்றித் தந்தார்கள். பதினாறு நாள் காத்திருந்ததைத் தவிர அதில் எனக்குக் குறையில்லை. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது சார்ஜ் குறையாமல் ஏறுவதை இன்றும் சிறுபிள்ளைபோல வேடிக்கை பார்க்கிறேன். என் எரிச்சலெல்லாம் காருக்கான கைபேசிச் செயலியின் மேல்தான். மாதம் பிறந்தால், நான் இத்தனை மரங்களுக்கு ஈடான கரியமில வாயுவை மிச்சப்படுத்திவிட்டதாக அது வாழ்த்துச் சொல்கிறது. கார் என் வீட்டு வாசலுக்கு வந்த நாளில் அந்தக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது.

பூஜ்யமா? பணிமனையில் பேட்டரியைக் கீழே இறக்கி, மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். தடித்த ஆரஞ்சு நிறக் கேபிள்களுக்கு நடுவே மாட்யூல்கள் செங்கல்போல அடுக்கியிருந்தன. இத்தகைய செல்களில் ஆனோடாக, அதாவது எதிர்மின்முனையாக, இருப்பது கிராஃபைட் என்னும் கரி வகை. அதில் செயற்கை வகை, கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தபின் அடியில் மிஞ்சும் கோக் எனும் கரித்திரளிலிருந்து செய்யப்படுவது. அதை ஏறக்குறைய 3,000 டிகிரிக்குச் சூடேற்ற வேண்டும். அந்த உலைகளில் பல, சீனாவின் உள்மங்கோலியாவில் நிலக்கரி மின்சாரத்தில் இயங்குகின்றன. பெட்ரோல் பங்க் பக்கமே போவதில்லை என்று பெருமையடித்துக்கொள்பவரின் இருக்கைக்கு அடியில் அந்த எண்ணெயின் வண்டலே இருக்கலாம். பேட்டரியில் சேரும் நிக்கலின் கதையும் இதுதான்: இந்தோனேசியாவின் மொரோவாலித் தொழிற்பேட்டை தனக்கென்றே அனல்மின் நிலையங்களை வைத்துக்கொண்டு உலைகளை ஓட்டுகிறது.

சுவீடனின் ஐவிஎல் ஆய்வு நிறுவனம் 2019இல் தந்த மதிப்பீட்டின்படி, நிக்கல் வகைப் பேட்டரியில் ஒரு யூனிட் கொள்ளளவைத் தயாரிக்க 61 முதல் 106 கிலோ வரை கரியமில வாயு வெளியேறுகிறது. என்னுடையது 40 யூனிட்; ஆகவே குறைந்தது 2,440 கிலோ. நம் மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ என்றும், பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் என்றும் வைத்து நான் போட்ட கணக்கில், கார் ஓடுமுன்பே ஏறிவிட்ட இந்தக் கரியமில வாயுக் கடன் அடைய 50,000 முதல் 88,000 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். பெட்ரோலைத் தோண்டி, சுத்திகரித்து, லாரியில் கொண்டுவரும் புகையை நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் கணக்கு மின்கார் பக்கமே சாயும், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் செயலி காப்பாற்றியதாகச் சொல்லும் மரங்களில் பெரும்பாலானவை இன்னும் கடனில்தான் நிற்கின்றன.

விலை குறைந்திருப்பதைப் பார்த்து, இதே காரின் பெரிய பேட்டரி மாடலை வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். அவர் அலுவலகம் போய்வர நாளுக்கு 35 கிலோமீட்டர். பேட்டரி பெரிதானால் கடனும் பெரிதாகும் என்பதால், இவ்வளவு மெச்சிய நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்; அன்று காலைதான் செயலி இன்னும் மூன்று மரங்களுக்கு என்னைப் பாராட்டியிருந்தது.