என்பிடெல் படிப்புக் குழுவுக்கு டிஸ்கார்ட் எப்படி?

ஐஐடிக்கள் நடத்தும் இணையவழிப் பாடத் திட்டமான என்பிடெல்லில் 12 வார கோர்ஸ் தொடங்கியதுமே யாராவது ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்துவிடுவார்கள். மூன்றாவது வாரத்தில் அங்கே குட்மார்னிங் படமும் "ஆன்சர் கீ இருக்கா?"வும்தான் மிஞ்சும். பத்துப் பேர் என்றால் சமாளிக்கலாம். முப்பதைத் தாண்டினால், குழுவாக எழுதவும் பேசவும் உதவும் டிஸ்கார்ட் செயலி எவ்வளவோ மேல். காசு கிடையாது, மின்னஞ்சல் இருந்தால் கணக்கு தொடங்கலாம், கைபேசி எண் யார் கண்ணிலும் படாது. முன்பின் தெரியாத குழுவில் எண்ணைக் கொடுக்கத் தயங்குகிற பெண்களுக்கு இது ஒன்றே போதும்.

இதில் உண்மையான சரக்கு ஃபோரம் சேனல், அதாவது கேள்வி-பதிலுக்கான பிரிவுதான். அது கண்ணில் படாவிட்டால் சர்வர் (உங்கள் குழுவுக்கான இடம்) செட்டிங்ஸில் கம்யூனிட்டி என்ற வசதியை இயக்குங்கள். கேள்விக்கு ஒரு போஸ்ட், பதில்கள் அதன் அடியிலேயே. ஒரு ஃபோரத்துக்கு 20 டேக் (போஸ்டை வகைப்படுத்தும் அடையாளச் சொல்) வரை வைக்கலாம்: வாரத்துக்கு ஒன்றாக 12, அதோடு லெக்சர், அசைன்மென்ட், பழைய தேர்வு, "தீர்ந்தது". டேக் இல்லாமல் போஸ்ட் போட முடியாதபடி கட்டாயமாக்குங்கள். இல்லாவிட்டால் இரண்டே வாரத்தில் எல்லாம் குழம்பிவிடும். கேள்வி கேட்டவரே கடைசியில் "தீர்ந்தது" டேக்கைச் சேர்க்க வேண்டும். அப்போதுதான் பதில் வராமல் கிடக்கும் கேள்வி தனியாகத் தெரியும்.

வாய்ஸ் சேனலில் ஆள் வரம்பை 5 என்று வையுங்கள். இருபது பேர் கூடினால் இருவர் பேசுவார்கள், மற்றவர்கள் மியூட்டில் இருப்பார்கள். ஐந்து பேர் ஸ்க்ரீன் ஷேரில் ஒரே கணக்கைப் போட்டால் ஒவ்வொருவரும் வாய் திறந்தே ஆகவேண்டும்.

தொல்லைகளும் உண்டு. புதிதாக வருபவர் சேனல் பட்டியலைப் பார்த்தே மிரண்டு போவார். அறிவிப்பு, ஃபோரம், அரட்டை, வாய்ஸ் என நான்கோடு நிறுத்துங்கள். நோட்டிஃபிகேஷனை "மென்ஷன் மட்டும்" (@ போட்டு அழைத்தால் மட்டும் ஒலிக்கும்) என்று மாற்றாவிட்டால் பலர் மொத்தமாக மியூட் செய்துவிடுவார்கள், அப்புறம் அறிவிப்பும் போய்ச் சேராது. சில ஆண்ட்ராய்டு போன்களில் பேட்டரி சேமிப்பு டிஸ்கார்டை முடக்கிவிடும், அதையும் அணைக்கச் சொல்ல வேண்டும்.

கெடு முடியும்வரை அசைன்மென்ட் விடையைப் போடக் கூடாது என்ற விதி ஃபோரத்தின் தலையிலேயே இருக்கட்டும். மொத்த மதிப்பெண்ணில் அசைன்மென்ட் 25 சதவீதம்தான். மீதி 75 நேரில் போய் எழுதும் தேர்வுக்கு. காப்பியடித்தவர் அங்கேதான் மாட்டுவார்.

இலவசக் கணக்கில் 10 எம்பிக்கு மேல் கோப்பு ஏறாது. ஸ்கேன் செய்த நோட்ஸை கூகுள் டிரைவில் போட்டு லிங்க் கொடுங்கள்.